ஹேர்லக்ஹைட்: மகிமை எனும் டச்சுச் சொல்

‘ஹேர்லக்ஹைட்’ என்பது மகிமை, மாட்சி எனப் பொருள்படும் டச்சுச் சொல். 1637இல் வெளியான டச்சு விவிலியத்தில், இயேசு கற்பித்த செபத்தின் முடிவில் கடவுளுக்கு உரியதாகச் சொல்லப்படும் மகிமை இச்சொல்லால்தான் குறிக்கப்படுகிறது. அதே காலத்து நெதர்லாந்து உழவருக்கு இது வேறொன்றையும் குறித்தது: தம் ஊரை ஆண்ட பிரபுவின் ஆள்புலம்.

இரு பொருளுக்கும் வேர் ஒன்றே. பழைய செருமானிய மொழியில் ‘ஹேர்’ என்றால் நரைத்த, மதிப்புக்குரிய என்று பொருள். அதிலிருந்து ‘மேலும் மூத்தவர்’ எனப் பொருள்படும் ‘ஹேரிரோ’ உருவானது. இது ‘செனியோர்’ என்ற இலத்தீன் சொல்லைப் பார்த்து அமைந்த ஆக்கம். (கல்லூரிகளில் வழங்கும் ‘சீனியர்’ அந்த இலத்தீன் சொல்லேதான்.) ‘ஹேரிரோ’ தேய்ந்து, டச்சில் பிரபுவையும் ஆண்டவரையும் ஒருங்கே சுட்டும் ‘ஹேர்’ ஆயிற்று. ‘ஹைட்’ என்பது தமிழின் ‘தன்மை’ போன்ற விகுதி.

ஆள்புலம் என்ற பொருளில் ஹேர்லக்ஹைட் வெறும் நிலவுடைமை அன்று. ஊர் அலுவலரையும் நீதி வழங்குவோரையும் அமர்த்தும் உரிமை பிரபுவுக்கு இருந்தது. வேட்டை, மீன்பிடி உரிமைகளும் அவருடையவை. பல இடங்களில் உழவர்கள் பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும். ‘உயர்’ அதிகாரம் பெற்ற பிரபு மரண தண்டனை வரை விதிக்கலாம். இவ்வுரிமைகள் விலைக்கும் கிடைத்தன. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் செல்வர்கள் பட்டத்துக்காகவே இவற்றை வாங்கினர். ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஓவியத்தின் நடுவில் கறுப்பு உடையில் நிற்கும் படைத்தலைவர் பிரான்ஸ் பானிங் கோக், பர்மர்லாண்ட், இல்பெண்டாம் ஊர்களின் பிரபு. அப்பட்டம் அவருக்கு மாமனார் வழியில் வந்தது.

1795இல் பழைய குடியரசு கவிழ்ந்தது. 1798 அரசியலமைப்பு பிரபுக்களின் உரிமைகளை ஒழித்தது. ஆனால் 1814இல் அவற்றுள் சில திரும்பி வந்தன. அலுவலரை அமர்த்தும் உரிமை 1848 அரசியலமைப்புத் திருத்தத்தோடு போயிற்று. வேட்டை உரிமையோ 1923 வரை பிடிவாதமாக நீடித்தது.

இன்று மகிமை என்ற பொருள் பெரும்பாலும் வழிபாட்டு மொழியில் வாழ்கிறது. அன்றாடப் பேச்சில் ‘ஹேர்லக்’ என்றால் அருமை, சுவை. சூடான சூப்பையும் இதமான வெயிலையும் டச்சுக்காரர்கள் இச்சொல்லால்தான் பாராட்டுகிறார்கள்.