பிக்கப் வண்டிக்குக் கூரை

1925இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், மாடல் டி காரின் பின்புறம் திறந்த சரக்குப் பெட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. மழை பெய்தால் சரக்கு நனையுமே, என்ன செய்வது? அதற்கு வழி முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே பென்சில்வேனியாவின் கானெஸ்டோகா குதிரை வண்டிகளில், வளைத்த மரச்சட்டங்களின் மேல் கித்தான் போர்த்தினர். வளைவில் நீர் தேங்காது. வீட்டிலேயே கூரை அமைப்போருக்கு இம்முறை இன்றும் ஏற்றதே.

ஆனால் வேகத்தை மறந்துவிடலாகாது. குதிரையின் நடை மணிக்கு 5 கிலோமீட்டர், மோட்டாரின் ஓட்டம் 80 கிலோமீட்டர் என்று கொள்வோம். வேகம் 16 மடங்கு. கித்தானைத் தூக்கும் காற்றின் விசையோ, வேகத்தின் இருமடிக்கேற்ப, 256 மடங்கு! கட்டு தளர்ந்தால் கித்தான் பறந்து, பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கும். ஆகவே வாசகர்களே, கூரை அமைக்கும்போது மழையோடு காற்றையும் கணக்கிடுங்கள்.