மடிக்கணினியின் உறக்க நிலைச் செயலிழப்பு

மடிக்கணினியின் உறக்க நிலைச் செயலிழப்பு என்பது, ஸ்லீப் எனப்படும் குறைமின் நிலைக்குச் செல்லும்போதோ, அந்நிலையில் இருக்கும்போதோ, அதிலிருந்து மீளும்போதோ ஒரு மடிக்கணினி உறைந்து போதல், தானாகவே மறுதொடக்கம் ஆதல் அல்லது கருந்திரையுடன் நின்றுவிடுதல் ஆகும். இவ்வாறு நிகழும்போது நினைவகத்தில் மட்டும் இருந்த, சேமிக்கப்படாத பணிகள் அனைத்தும் அழிந்துவிடும். மற்ற வேளைகளில் எவ்விதக் குறையுமின்றி இயங்கும் கணினியிலும் இச்சிக்கல் தோன்றலாம். வன்பொருள், நிலைப்பொருள், இயங்குதளம், இயக்கி மென்பொருள் ஆகிய நான்கும் ஒரே ஒழுங்கில் ஒத்துழைத்தால்தான் கணினி உறங்கி விழிக்க முடியும் என்பதே இதற்குக் காரணமாகும்.

"உறங்கும்போது நின்றுவிட்டது" எனப் பயனர் கருதும் பல நிகழ்வுகளில், உண்மையில் பழுது ஏற்படுவது கணினி விழிக்கும் வேளையிலாகும். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது காரணத்தைக் கண்டறிவதற்கு முதற்படியாக அமைகின்றது.

வரலாறு

1992 ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் ஏபிஎம் எனப்படும் மின் மேலாண்மைச் சீர்தரத்தை வெளியிட்டன. இதில் கணினியின் மின்பயன்பாட்டைப் பெரும்பாலும் பயோஸ் நிலைப்பொருளே கட்டுப்படுத்தியது. இயங்குதளம் அறியாமலேயே சில சாதனங்கள் அணைக்கப்படக்கூடிய நிலை இருந்தது.

இதற்கு மாற்றாக 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை இணைந்து ஏசிபிஐ என்னும் சீர்தரத்தை வெளியிட்டன. எப்போது எந்தச் சாதனத்தை உறங்க வைப்பது என்னும் முடிவு இதன் மூலம் இயங்குதளத்தின் கைக்கு வந்தது. 2013 ஆம் ஆண்டு முதல் இச்சீர்தரத்தை யுஇஎஃப்ஐ மன்றம் பேணி வருகின்றது.

ஆப்பிள் நிறுவனம் 2005 இல் பாதுகாப்பான உறக்கம் என்னும் வசதியையும், மைக்ரோசாஃப்ட் 2007 இல் விண்டோஸ் விஸ்டாவுடன் கலப்பு உறக்கம் என்னும் வசதியையும் அறிமுகப்படுத்தின. இவை இரண்டும் நினைவகத்தின் படி ஒன்றை வன்தட்டிலும் எழுதி வைத்த பின்னரே கணினியை உறங்கச் செய்தன. மின்கலம் தீர்ந்துபோனால் பணிகள் அழிவதைத் தடுப்பதே இவற்றின் நோக்கமாகும்.

உறக்க நிலைகளின் வகைகள்

ஏசிபிஐ சீர்தரம் பின்வரும் நிலைகளை வரையறுக்கின்றது.

• எஸ்0: கணினி முழுமையாக இயங்கும் நிலை.
• எஸ்1: செயலி கட்டளைகளை நிறைவேற்றுவதை நிறுத்தியிருக்கும். எனினும் செயலிக்கும் நினைவகத்துக்கும் மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும்.
• எஸ்2: செயலிக்கு மின்சாரம் நிறுத்தப்படும். இந்நிலை அரிதாகவே பயன்படுத்தப்படுகின்றது.
• எஸ்3: நினைவகத்துக்கும், கணினியை எழுப்பத் தேவையான சில சுற்றுகளுக்கும் மட்டுமே மின்சாரம் கிடைக்கும். மரபான உறக்க நிலை இதுவேயாகும்.
• எஸ்4: நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்பட்டுக் கணினி அணைக்கப்படும். இது ஹைபர்னேட் அல்லது நெடுந்துயில் எனப்படும்.
• எஸ்5: கணினி அணைக்கப்பட்ட நிலை.

இவற்றுடன் எஸ்0 குறைமின் ஓய்வு என்னும் புதிய முறையும் உள்ளது. இதில் கணினி உண்மையில் எஸ்0 நிலையிலேயே இருந்துகொண்டு, திரையை அணைத்து, செயலியை மிகக் குறைந்த மின்பயன்பாட்டுக்குக் கொண்டு செல்கின்றது. நகர்பேசிகளைப் போன்று உடனடியாக விழிப்பதும், உறக்கத்திலேயே மின்னஞ்சல் பெறுவதும் இதனால் இயலும். விண்டோஸ் 8 இல் (2012) இணைந்த காத்திருப்பு என்ற பெயரிலும், விண்டோஸ் 10 இல் (2015) நவீன காத்திருப்பு என்ற பெயரிலும் இது அமைந்தது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நிலை தரப்படுவதில்லை. இம்முறை மட்டுமே உள்ளது.

இயங்கும் முறை

எஸ்3 உறக்கம் பின்வரும் ஒழுங்கில் நிகழ்கின்றது.

1. பயனரின் நிரல்கள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.
2. ஒவ்வொரு சாதனத்தின் இயக்கி மென்பொருளும் அழைக்கப்படுகின்றது. அது தன் சாதனத்தின் நிலையை நினைவகத்தில் குறித்துவைத்துவிட்டுச் சாதனத்தை அணைக்கின்றது.
3. ஒரு செயலிக் கருவைத் தவிர ஏனையவை நிறுத்தப்படுகின்றன.
4. விழித்தவுடன் எந்த நினைவக முகவரியிலிருந்து தொடர வேண்டும் என்பது ஏசிபிஐ அட்டவணையில் எழுதப்படுகின்றது.
5. நினைவகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்குச் செல்கின்றது. பிற பகுதிகளுக்கு மின்சாரம் நிறுத்தப்படுகின்றது.

கணினியின் முதன்மை நினைவகம் மிகச்சிறிய மின்தேக்கிகளில் தரவைச் சேமிக்கின்றது. இவற்றின் மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லி நொடிகளுக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்படுதல் வேண்டும். எனவே உறங்கும் கணினி முற்றிலும் ஓய்ந்திருப்பதில்லை. நினைவகத்துக்கு மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலும் விழிப்பதற்குரிய செய்தி கெட்டுவிடும்.

விழிக்கும்போது முதலில் இயங்குவது இயங்குதளம் அன்று, நிலைப்பொருளே ஆகும். அது நினைவகக் கட்டுப்படுத்தியை மீள அமைத்து, ஏற்கனவே குறிக்கப்பட்ட முகவரிக்குக் கட்டுப்பாட்டை ஒப்படைக்கின்றது. அதன் பின்னர் இயங்குதளம் தலைகீழ் ஒழுங்கில் சாதனங்களை எழுப்புகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி முழுவதும் நின்றுவிடக்கூடும்.

காரணங்கள்

இயக்கி மென்பொருள்: வரைகலை அட்டை, கம்பியில்லா வலையமைப்பு அட்டை, யுஎஸ்பி சாதனங்கள் ஆகியவற்றின் இயக்கிகள் அடிக்கடி காரணமாகின்றன. தனி வரைகலை அட்டையின் நினைவகம் எஸ்3 நிலையில் மின்சாரத்தை இழப்பதால், அதன் உள்ளடக்கத்தை இயக்கி முன்கூட்டியே படியெடுத்து வைத்து, விழித்ததும் மீள எழுதுதல் வேண்டும். இது தவறினால் கருந்திரை தோன்றும்.

நிலைப்பொருள்: பயோஸ் அல்லது யுஇஎஃப்ஐ நிலைப்பொருளில் உள்ள ஏசிபிஐ அட்டவணைகள் பிழையாக இருத்தல்.

சேமிப்பகம்: வன்தட்டு அல்லது திண்மநிலை வட்டு விழித்தவுடன் மறுமொழி தராமல் இருத்தல். இந்நிலையில் பிழைச் செய்தியை எழுதி வைப்பதற்கும் இடம் இராது.

நினைவகம்: பழுதடையத் தொடங்கிய நினைவகச் சில்லு, இயங்கும்போது தாக்குப்பிடித்தாலும் உறக்கத்தில் தரவை இழக்கலாம்.

மூடி உணரி: பல மடிக்கணினிகளில் மூடி மூடப்பட்டதை ஒரு காந்தமும் ஹால் உணரியும் கண்டறிகின்றன. ஒரு மடிக்கணினியின் மீது மற்றொன்றை அடுக்குவதும், அருகில் காந்தம் இருப்பதும் கணினியைத் தவறாக உறங்கச் செய்யலாம். இது செயலிழப்பு அன்று எனினும் பயனருக்கு அவ்வாறே தோன்றும்.

நெடுந்துயில் அமைப்பு: வன்தட்டில் இடம் போதாமை, அல்லது லினக்ஸில் இடமாற்றுப் பகுதி சரியாக அமைக்கப்படாமை.

கண்டறிதல்

உயிருடன் உள்ளதா எனச் சோதித்தல்

கருந்திரை தோன்றியவுடன் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுதல் கூடாது. முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் இயங்கிக்கொண்டிருக்கின்றது. திரையோ வரைகலை இயக்கியோ மட்டுமே விழிக்கவில்லை. அவ்வாறாயின் திரையின் ஒளிர்வைக் கூட்டிப் பார்க்கலாம், வெளித்திரை ஒன்றை இணைக்கலாம், அல்லது சேமிக்கும் குறுக்குவிசையை அழுத்திப் பணியைக் காப்பாற்ற முயலலாம்.

உறங்கிய நேரத்தை ஒப்பிடுதல்

கணினியை ஒரு நிமிடம் உறங்கச் செய்து எழுப்புதல், பின்னர் சில மணி நேரம் உறங்கச் செய்து எழுப்புதல் ஆகிய இரு சோதனைகளும் பயனுள்ளவை. ஒரு நிமிடத்திலேயே பழுது தோன்றினால் இயக்கி மென்பொருளையோ நிலைப்பொருளையோ ஐயுறலாம். நீண்ட உறக்கத்தின் பின்னரே தோன்றினால், இடையில் நெடுந்துயிலுக்கு மாறும் படியைக் கவனித்தல் வேண்டும். பல கணினிகள் சில மணி நேர உறக்கத்தின் பின் பயனர் அறியாமலேயே எஸ்4 நிலைக்கு மாறும்படி அமைக்கப்பட்டுள்ளன. மின்கலம் தீர்ந்து போவதும் இவ்வகையிலேயே வெளிப்படும்.

பதிவேடுகள்

இச்சிக்கலைக் கண்டறிவதில் உள்ள பெரும் இடர்ப்பாடு, பழுது தன் தடயத்தைத் தானே அழித்துவிடுவதாகும். விழிப்பு தவறும்போது வன்தட்டு இன்னும் எழும்பாததால் எதுவும் பதிவாவதில்லை. மறுதொடக்கத்தில் நினைவகமும் வெறுமையாகின்றது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்னும் நிகழ்வு காணப்படுவது வழக்கம். முந்தைய முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே இது தெரிவிக்கின்றது; காரணத்தைக் கூறுவதில்லை. மாறாக, டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர் என்னும் நீலத்திரைச் செய்தி தோன்றினால், ஏதோ ஓர் இயக்கி மின்நிலை மாற்றத்தை முடிக்கத் தவறியது என உறுதி கொள்ளலாம்.

லினக்ஸ் கருனியில் பிஎம் டெஸ்ட் என்னும் சோதனை வசதி உள்ளது. இது உறங்கும் ஒழுங்கில் குறிப்பிட்ட ஒரு படிவரை மட்டும் சென்று, சில நொடிகளில் திரும்பிவிடும். எந்தப் படியில் பழுது தொடங்குகின்றது என்பதை இதனால் அறியலாம். பிஎம் டிரேஸ் என்னும் மற்றொரு வசதியை லினசு டோர்வால்ட்சு 2006 ஆம் ஆண்டில் சேர்த்தார். மறுதொடக்கத்துக்குப் பின்னும் அழியாமல் இருப்பது நிகழ்நேரக் கடிகாரம் என்பதால், விழிக்கும் ஒவ்வொரு படியின் அடையாளமும் அக்கடிகாரத்தில் நேரத்துக்குப் பதிலாக எழுதப்படுகின்றது. கணினி நின்றுவிட்டால் தாமதமின்றி மறுதொடக்கம் செய்து, கடைசியாக அழைக்கப்பட்ட சாதனத்தைக் கண்டறியலாம். இச்சோதனையின் பின் கணினியின் நாளும் நேரமும் தவறாகிவிடும் ஆதலால் அவற்றை மீளச் சரிசெய்தல் வேண்டும்.

தீர்வுகள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து சோதிப்பது இன்றியமையாதது. பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் பழுது நீங்கினாலும் காரணம் தெரியாது போய்விடும். எளியவற்றிலிருந்து தொடங்கும் ஒழுங்கு பின்வருமாறு.

1. சோதனைகளுக்கு முன் முதன்மையான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல்.
2. யுஎஸ்பி சாதனங்கள், நினைவக அட்டைகள், வெளித்திரைகள் அனைத்தையும் கழற்றிவிட்டுச் சோதித்தல்.
3. மின்னேற்றியுடனும் மின்னேற்றி இன்றியும் தனித்தனியே சோதித்தல்.
4. கணினி எந்த உறக்க நிலையைப் பயன்படுத்துகின்றது என அறிதல். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளை இதற்கு உதவும். லினக்ஸில், கணினி இரண்டையும் ஆதரிக்குமாயின், ஓய்வு முறைக்கும் எஸ்3 முறைக்கும் இடையே மாற்றிப் பார்க்கலாம்.
5. வரைகலை, வலையமைப்பு இயக்கிகளை இற்றைப்படுத்தல். அண்மையில் இற்றைப்படுத்திய பின்னரே சிக்கல் தோன்றியிருந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்புதல்.
6. உற்பத்தியாளர் வழங்கும் புதிய நிலைப்பொருளை நிறுவுதல். இதன்போது மின்னேற்றி இணைந்திருத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் கணினி பயனற்றுப் போகக்கூடும்.
7. நினைவகச் சோதனை நிரலை இயக்குதல்.
8. லினக்ஸ் நேரடி வட்டு ஒன்றின் மூலம் கணினியைத் தொடக்கி உறங்கச் செய்தல். அதில் பழுது தோன்றாவிடின் வன்பொருள் பெரும்பாலும் நலமாக உள்ளது எனக் கொள்ளலாம்.

விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்னும் வசதி உள்ளது. இது செயற்பாட்டில் இருந்தால், "அணை" எனத் தெரிவு செய்தாலும் கருனியும் இயக்கிகளும் அப்படியே வன்தட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை மீளப் பெறப்படுகின்றன. பழுதான நிலையும் அவ்வாறே தொடரலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் "மறுதொடக்கம்" என்பதைத் தெரிவு செய்தல் வேண்டும்.

மாற்று வழிகள்

காரணம் கண்டறியப்படும் வரை மூடியை மூடும்போது நெடுந்துயிலுக்குச் செல்லுமாறு கணினியை அமைக்கலாம். எஸ்4 நிலையில் மின்சாரம் தேவையில்லை. மின்கலம் தீர்ந்தாலும் பணிகள் அழிவதில்லை. விழிப்பதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுப்பதும், வன்தட்டில் இடம் தேவைப்படுவதும் இதன் குறைகளாகும். எழுதும் மென்பொருள்களில் தானியங்கிச் சேமிப்பைச் செயற்படுத்தி வைப்பதும் நல்லது. எவ்வகை உறக்கமும் சேமிப்புக்கு ஈடாகாது. ஆய்வறிக்கையோ நிரலோ எழுதும் மாணவர் மூடியை மூடுமுன் சேமிக்கும் பழக்கத்தைக் கொள்ளுதல் வேண்டும்.

பாதுகாப்பு

உறங்கத் தவறிய மடிக்கணினியைப் பைக்குள் வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கணினி கடுமையாகச் சூடேறும். இதனால் மின்கலத்தின் ஆயுள் குறையும். எனவே பையில் வைக்குமுன் விசிறி நின்றுள்ளதா எனக் கவனித்தல் நன்று. நெடும்பயணத்தின்போது கணினியை முழுமையாக அணைத்து எடுத்துச் செல்வதே பாதுகாப்பானதாகும். மின்கலம் உப்பியிருப்பின் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

மேற்கூறிய அனைத்தையும் செய்த பின்னரும் சிக்கல் தொடருமாயின், தாய்ப்பலகையின் மின்வழங்கு சுற்றுகளில் பழுது இருக்கலாம். இதனைப் பயனர் தாமே சரிசெய்வது கடினம். எந்த நிலையில், எவ்வளவு நேர உறக்கத்தின் பின், எந்தச் சாதனங்கள் இணைந்திருந்தபோது பழுது தோன்றியது என்னும் குறிப்புகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது பயன் தரும். விட்டுவிட்டுத் தோன்றும் இவ்வகைப் பழுது, பழுதுபார்ப்பவர் முன்னிலையில் தோன்றாமலே போவதும் உண்டு.