ராத்திரியில் யார் விழித்திருப்பது? – சங்கிலியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். மூடநம்பிக்கை கொன்றது என்றது ஒரு தரப்பு. தர்காவைக் குறைசொல்லாதே, அது ஏழைகளின் மருத்துவம் என்றது இன்னொன்று. இரண்டு தரப்புக்குமே சங்கிலி ஒரு குறியீடாகிவிட்டது. எனக்கோ அது வெறும் இரும்பாகத்தான் தெரிகிறது. மாட்டுகிறவருக்கு அதில் ஒரு காரணம் உண்டு. ராத்திரி அவர் தூங்க வேண்டும்.

ஃபூக்கோவைத் தமிழில் பேசித் தீர்த்த நாம், பைத்தியம் பற்றிய அவருடைய 1961ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் வரும் கப்பலைப் பிடித்துக்கொண்டோம். அங்கேயே போகிறபோக்கில் அவர் சொல்லும் கீல் என்ற பெல்ஜிய ஊரை விட்டுவிட்டோம். ஏர்வாடியின் சாயல் கொண்ட ஊர். தகப்பனின் வெறிக்குத் தப்பி ஓடிவந்து, அவன் கையாலேயே வெட்டுண்டதாகச் சொல்லப்படும் திம்ப்னா என்ற இளவரசிக்கு அங்கே ஒரு தேவாலயம். (கொலையுண்ட பெண் தெய்வமாவது நமக்குப் புதுசா என்ன?) மனம் பிறழ்ந்தவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். தேவாலயத்தை ஒட்டிய அறையில் ஒன்பது நாள் வைத்திருப்பது சடங்கு. இடம் போதாமல் போகவே ஊரார் வீடுகளில் தங்கவைத்தார்கள். வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. வயல்வேலை, மாடு, பிள்ளை பார்ப்பது என்று அந்த வீடுகளிலேயே வயதானார்கள். அப்பன் பார்த்துக்கொண்டவரை மகன் பார்த்துக்கொண்டான். 1930களின் இறுதியில் இப்படி 3,700க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள்.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். வீட்டுக்காரருக்குப் பணம் வந்தது; கூடவே ஓர் ஆளின் உழைப்பும் கிடைத்தது. சங்கிலியும் இருந்தது. 1821இல் அங்கே போன பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் கால்விலங்குகளைப் பார்த்தார். 1850இல் பெல்ஜிய அரசு பொறுப்பேற்றது. மருத்துவர்கள் வந்தார்கள், 1860களில் ஊர் நடுவே ஒரு சிறு மருத்துவமனையும் வந்தது. வீட்டில் சமாளிக்க முடியாவிட்டால் அங்கே கொண்டுபோகலாம். தணிந்ததும் அதே வீட்டுக்குக் கூட்டிவரலாம். விலங்கு மெல்ல மெல்லக் கழன்றதை நான் இதோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

பணம் ஏர்வாடியிலும் புழங்கியது. உறவினர்கள் மாதாமாதம் கொடுத்தார்கள். ஆனால் முற்றிப்போன ராத்திரியில் கொண்டுபோக அங்கே இடமில்லை. தமிழ்நாடு முழுமைக்கும் அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருந்த ஒன்றுதான். மாற்றுவழி யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1950களிலேயே அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறைதான். மாநாடுகளில் பாராட்டினார்கள், அதோடு சரி.

தீக்குப் பிறகு ஏர்வாடிக் காப்பகங்களை ஒரே வாரத்தில் மூடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்குப் போனார்கள். பலரை உறவினர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டில் அவர்களை யார், எதைக் கொண்டு பார்ப்பார்கள் என்ற கேள்வி அந்த உத்தரவுகளில் எங்கே இருந்தது?

எங்கள் சித்தப்பாவும் அந்த வருஷம்தான் வேறோர் ஊர் விடுதியிலிருந்து திரும்பினார். டீக்கடைக்காரர் கணக்குப் பார்க்காமல் டீ கொடுப்பார். கண்மாய்ப் பக்கம் அலைந்தால் ஆடு மேய்க்கிறவர்கள் கூட்டிவந்து விடுவார்கள். ஒருநாள் யார் வீட்டுக் கதவையோ உடைத்தார் என்று பஞ்சாயத்தும் கூடியது. சமூகம் என்று நாம் எழுதுகிறோமே, அது இவ்வளவும் சேர்ந்ததுதான். இதெல்லாம் பகலில். ராத்திரியில் அப்பத்தா தன் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பாள். அவர் அசைந்தால் இவள் விழிப்பாள். எட்டு வருஷம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது, சமூகத்தில் வாழ்வதை உரிமை என்கிறது. நல்லது. முந்தானையைப் பற்றி அதில் என்ன எழுத முடியும்?

அப்பத்தா 2009இல் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த அன்று, இனி அவனை யார் பார்க்கிறது என்று பெரியப்பா பேச்சை எடுத்தார். திண்ணையில் இருந்த ஆம்பளைகள் எல்லாரும் அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.