மணலில் எழுதிப் படித்த ஐயர்



"ஆன்ட்டி, நாங்கள் சுகர் லேண்டில் பிறந்தவர்கள். எங்களுக்கு எதற்கு 247 எழுத்து?" என்று தமிழ் வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அவன் வீட்டில் பாட்டியின் வேதாகமம் இருக்கிறது. ஓரமெல்லாம் பாட்டி பென்சிலால் எழுதிய குறிப்புகள். அவனால் ஒரு வரியும் வாசிக்க முடியாது. அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானியரான பர்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது ஏறக்குறைய 24. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு மிஷனெரிகளில் அவர் ஒருவர். மற்றவர் புளுட்சோ. சீகன்பால்கிற்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு வாத்தியாரைத் தம் பிள்ளைகளோடு வீட்டுக்கே வரச் சொன்னார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார்கள். ஐயரும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து அதையே எழுதினார். உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளோடு!

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாதே! பிறகு போர்த்துக்கீசு முதலிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். அதன்பின் ஐயர் எப்படிப் படித்தார் என்பதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள்.

காலை 7 முதல் 8 வரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் 12 வரை புதிய தமிழ்ப் புத்தகங்கள். பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சுத் தமிழில் சொல்வார். சாப்பிடும்போதும் ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். (நம் வீட்டில் சாப்பிடும்போது என்ன ஓடுகிறது என்று நான் கேட்கப்போவதில்லை.) மாலை 3 முதல் 5 வரை மறுபடி வாசிப்பு. இரவு கண் வலிக்காமலிருக்க இன்னொருவர் வாசிக்க, இவர் கேட்பார்.

எந்தப் புத்தகம் தெரியுமா? தாம் பேசும்போதும் எழுதும்போதும் பின்பற்றக்கூடிய நடை எதுவோ அதையே விரும்பினார். சிலவற்றை நூறு தடவை வாசித்தாராம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவருடைய சொற்தொகுப்பு 20,000 சொற்களாக வளர்ந்தது. ஆனால் சொற்களைச் சேர்த்ததைவிட, அவற்றை உடனே பயன்படுத்தியதுதான் பெரிய காரியம் என்பது என் எண்ணம். பிரசங்கித்தார், தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பிப் பதில் வாங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கவர்னர் அவரைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறை. ஆனாலும் 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது, 1715இல் அச்சாகி முடிந்தது.

அந்தத் தமிழ் குற்றமற்றதா? இல்லை. வீரமாமுனிவர் அதைக் கடுமையாகப் பரிகசித்தார். பின்னாளில் பெப்ரிசியஸ் ஐயர் புதிதாகவே மொழிபெயர்த்தார். குற்றமில்லாத தமிழ் வரட்டும் என்று சீகன்பால்க் காத்திருந்தால் ஒரு பக்கமும் வந்திராது. 1719இல் 36 வயதில் அவர் காலமாகிவிட்டார்.

கதை கேட்ட தம்பிக்கு ஒரு நோட்டு கொடுத்தேன். தினம் மூன்று வரி, அன்று நடந்தது மட்டும், தமிழில். முதல் நாள்: "இன்று மலை வந்தது. ஸ்கூல் பஸ் லேட்." மலையா வந்தது என்று வீடே சிரித்தது. அவன் முகம் சிறுத்துவிட்டது. 1716இல் ஹாலே நகரில் அச்சான ஐயரின் தமிழ் இலக்கண நூலுக்குப் பெயர் 'கிராமாட்டிக்கா டாமுலிக்கா' என்று சொன்னேன். தமிழின் 'ழ' அங்கே 'ல' ஆகியிருக்கிறது, பார்! அவன் நோட்டை வாங்கி, மலையைத் தானே அடித்து, மழை என்று எழுதினான். இப்போது நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறான். போன வாரம் பாட்டியின் குறிப்புகளில் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தானாம். அதில் அவன் அப்பா பிறந்த தேதி இருந்தது.