ஏழு வருடம் பனிக்குள் கிடந்த சண்டை

1954 மார்ச் 1ஆம் திகதி பிகினி தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஐதரசன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேல் கொட்டியது. அதிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். ஜப்பான் சந்தைகளில் மீனைத் தொடவே மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு வாலும் பல்லும் வைத்து, அதே வருடம் நவம்பர் 3இல் தோஹோ கம்பனி 'கொட்ஸில்லா'வைத் திரைக்குக் கொண்டுவந்தது. இஷிரோ ஹொண்டாவின் அந்தப் படத்தில் மிருகம் கடைசியில் கடலடியில் எலும்பாகிக் கரைந்துபோனது. ஆனால் 90 இலட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றுத் தந்த மிருகத்தைச் சாகவிட எந்த முதலாளிக்கு மனம் வரும்?

சூட்டோடு சூடாக இன்னொன்று எடுக்கும்படி தயாரிப்பாளர் தொமோயுகி தனாகாவுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஹொண்டா வேறு படத்தில் இருந்தார். அவருக்காகக் காத்திராமல் மொத்தோயோஷி ஒடாவிடம் வேலையைக் கொடுத்தார்கள். செத்தது செத்ததுதான், இது அதே இனத்தில் இன்னொன்று என்று கதை கட்டினார்கள். கற்பிட்டிக் கரையில் கடலின் நிறத்தையும் பறவைகளையும் பார்த்தே மீன் கூட்டத்தைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கதையின் ஒசாகா மீன்பிடிக் கம்பனியோ அதற்கு விமானம் வைத்திருந்தது. அதில் ஒரு விமானம் பழுதாகி, அதன் விமானி ஒரு வெறுந்தீவில் இறங்க, தேடிவந்த இன்னொருவர் அவரைக் கண்டுபிடித்தார். அங்கே கொட்ஸில்லா நின்றது. ஆனால் அது தனியாக நிற்கவில்லை.

எதிரே முள் முதுகோடு, நாலு காலில் அங்கிரஸ். இரண்டு ரப்பர் உடைகளுக்குள்ளும் ஆட்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பான எய்ஜி சுபுராயாவின் வழக்கம், கமராவை வேகமாக ஓடவிடுவது. அப்போதுதான் திரையில் அசைவு மெதுவாகி, மிருகத்துக்குப் பாரம் கூடும். ஒருநாள் ஒரு கமராவின் வேகம் தவறுதலாகக் குறைந்துபோனதாம். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், பூதங்கள் இரண்டும் சண்டைச் சேவல்போலப் பாய்ந்து குதறின! வேறொருவர் என்றால் குப்பையில் போட்டிருப்பார். சுபுராயா அதைப் படத்திலேயே சேர்த்தார்.

1955 ஏப்ரல் 24, முதல் படம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாவது வெளியானது. ஒசாகாக் கோட்டையை இடித்துக்கொண்டு நடக்கும் சண்டை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் அங்கிரஸ் செத்த பிறகு மீன் கம்பனிக்காரர்களின் விருந்தும் அரட்டையும் நீண்டு, படம் படுத்துவிடுகிறது. டிக்கெட் சுமார் 83 இலட்சத்தோடு நின்றது. படத்தின் முடிவில் கொட்ஸில்லாவைப் பனிச்சரிவில் புதைத்தார்கள். தோஹோவும் அதை அப்படியே விட்டுவிட்டது.

ஹொலிவூட்டில் நடந்தது அதைவிட மோசம். சண்டையை மட்டும் வெட்டியெடுத்துப் புதுக்கதை ஒட்ட ஒரு கம்பனி திட்டமிட்டது. ஜப்பானிலிருந்து ரப்பர் உடைகளும் போய்ச் சேர்ந்தன, கம்பனிதான் மூடப்பட்டது. 1959இல் படம் ஒருவழியாக அங்கே வந்தபோது கொட்ஸில்லாவுக்கு 'ஜைகான்டிஸ்' என்று பெயர். உறுமல்கூடப் பெரும்பாலும் அங்கிரஸினுடையது. புது மிருகம் என்று சனம் நம்பட்டும் என்ற கெட்டித்தனம்! பெயரையே இழந்த மிருகத்தை இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

கூப்பிட்டது ஒரு குரங்கு. 1933இல் 'கிங் கொங்'குக்கு உயிர் கொடுத்த வில்லிஸ் ஓ'பிரையன், அதே வருடக் கடைசியில் அவசரமாக வந்து எடுபடாமல் போன அதன் இரண்டாம் பாகத்திலும் வேலை செய்தவர். கொங்கை இன்னொரு பூதத்தோடு மோதவிடும் கதையொன்று அவரிடம் இருந்தது. ஜோன் பெக் என்ற தயாரிப்பாளர், ஓ'பிரையனுக்கே தெரியாமல், அதைத் தோஹோவிடம் கொண்டுபோனார். அங்கே எதிராளி தயார்: பனிக்குள் ஏழு வருடமாகக் கிடந்தது. 1962 ஓகஸ்டில் கொட்ஸில்லா பனியை உடைத்துக்கொண்டு வெளியே வர, டிக்கெட் ஒரு கோடியைத் தாண்டியது.

'பூதத்துக்குப் பூதம்' படங்கள் அதன் பிறகு ஓயவேயில்லை. 1966இல் சுபுராயாவின் 'அல்ட்ராமேன்' அதைத் தொலைக்காட்சியில் வாராந்தச் சண்டையாக்கியது. 2021இல் தமிழ்க் குரலோடும் வந்த 'கொட்ஸில்லா வெர்சஸ் கொங்' அந்த 1962 சண்டையின் மறுபிறவி. அதற்கும் மூத்த பாட்டன், 1955இல் சப்பென்று போன ஒசாகாச் சண்டைதான். அதில் கழுத்துக் கடிபட்டுச் செத்த அங்கிரஸுக்கும் 1968இல் மறுபடி வேலை கிடைத்தது, இந்தத் தடவை கொட்ஸில்லாவின் கூட்டாளியாக.