நன்னீர் மீன்தொட்டியின் அடிமணல்

நன்னீர் மீன்தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணல் அல்லது சரளைக்கல் படுகை அடிமணல் எனப்படும். அழகுக்காக இடப்படுவதாகத் தோன்றினாலும், மீன்களின் கழிவிலுள்ள நஞ்சை முறிக்கும் பாக்டீரியாக்கள் பெருமளவில் குடியிருக்கும் இடம் இது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கத் தொடங்கி நெடுங்காலம் கழித்தே இவ்வுண்மை வளர்ப்போரை எட்டியது. அதுவரை அடிமணல் செடிக்கு வேண்டிய மண்ணாகவும் அழுக்கு சேரும் இடமாகவுமே கருதப்பட்டது. அதைச் சுத்தம் செய்யும் முறையும் அந்தந்தக் கருத்தையே பின்பற்றியது.

வாரிங்டனின் சோதனை

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 1849இல் தொடங்கிய தம் சோதனையின் முடிவுகளை 1850இல் வெளியிட்டார். ஏறத்தாழ 12 கேலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்றுநீரை நிரப்பி, அடியில் மணலும் சேறும் இட்டார். சுண்ணாம்புக்கல், மணற்கல் துண்டுகளையும் போட்டார். இரண்டு சிறிய பொன்மீன்கள் விடப்பட்டன. வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடி ஒன்றின் வேரை மணலிலும் சேற்றிலும் ஊன்றி, அதன்மேல் ஒரு கல் வைக்கப்பட்டது.

சில காலத்தில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. கண்ணாடியில் பாசி படிந்தது. வாரிங்டன் நீரை மாற்றவில்லை. ஐந்தாறு குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலைகளையும் பாசியையும் தின்று தீர்த்தன. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி தரும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். இதில் மணலுக்கு இருந்த வேலை வேரைப் பிடித்துக்கொள்வது மட்டுமே. அவர் விளக்கம் பிழையன்று. ஆனால் மீனின் உடலிலிருந்து வெளியேறும் அமோனியா என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853இல் மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய மீன்தொட்டி பற்றிய நூலும் வெளிவர, இப்பழக்கம் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் பரவியது.

மணற்குழாய் காட்டிய உண்மை

விடை மீன் வளர்ப்போரிடமிருந்து வரவில்லை. சாக்கடை நீரை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. பிரான்சில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். அதன் முடிவுகள் 1877இல் வெளிவந்தன. தொடக்கத்தில் அமோனியா அப்படியே வெளிவந்தது. ஏறத்தாழ 20 நாட்களுக்குப் பின்னரே அது நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. இது வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. ஆகவே மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்தது உறுதியாயிற்று. பின்னர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார். அவற்றுள் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

புதுத்தொட்டியில் முதல் சில வாரங்களுக்குள் மீன்கள் சாவதற்கும் இதுவே காரணம். பாக்டீரியா பெருகுமுன் அமோனியா பெருகிவிடுகிறது. பழைய தொட்டியின் மணலை முழுவதும் அள்ளிக் கொதிநீரிலோ குளோரின் கலந்த குழாய்நீரிலோ கழுவினாலும் அதே நிலை திரும்பும். சுத்தமான தொட்டியில் மீன் சாவது வளர்ப்போருக்குப் புதிராகவே இருந்திருக்கும்.

1950களிலும் 60களிலும் பரவிய அடிச்சரளை வடிகட்டி இவ்வறிவை நேரடியாகப் பயன்படுத்தியது. துளையிட்ட தட்டின்மேல் சில அங்குல உயரத்துக்குச் சரளை பரப்பப்படும். மூலையிலுள்ள குழாயில் காற்றுக்குமிழ்கள் மேலேறும்போது நீரும் உடன் ஏறும். அதனால் தொட்டி நீர் சரளையினூடே கீழிறங்கும். இதற்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள கற்கள் ஏற்றவை. மிக நுண்ணிய மணல் துளைகளை அடைத்துவிடும்.

ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015) நீர்ச்செடிகளுக்கு முதன்மை தந்ததோடு, அடிமணலின் பழைய வேலையும் திரும்பி வந்தது. அவர் நிறுவனம் விற்ற சுட்ட மண்ணுருண்டைகள் செடிக்கு ஊட்டமளிப்பவை. இவற்றைக் கழுவக்கூடாது, கழுவினால் உடைந்து சேறாகும்.

தேர்வும் கழுவுதலும்

தமிழ்நாட்டில் ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் சிலர் கட்டுமானத்துக்கான எம்-சாண்டை நாடுகின்றனர். உடைத்த கல்லாகையால் அதன் விளிம்புகள் கூரானவை, கல்தூளும் மிகுதி. அடியில் இரை தேடும் கெளிறு இன மீன்களுக்கு உருண்ட மணலே நல்லது. கடற்கரை மணலில் சிப்பித் துகள்கள் இருப்பதால் நீரின் கடினத்தன்மை கூடும். வாரிங்டனின் பொன்மீன்கள் சுண்ணாம்பைத் தாங்கின. மென்னீர் மீன்கள் பல தாங்கா. உலர்ந்த மணலில் சில சொட்டு வினிகர் விட்டு, நுரைத்தால் அதைத் தவிர்க்கலாம்.

புது மணலைச் சிறிது சிறிதாக வாளியில் இட்டு, கலக்கிய நீர் தெளியும்வரை அலச வேண்டும். சோப்பு ஆகாது. மீன் வாழும் தொட்டியில் மணலை அள்ளுவதில்லை. அகன்ற வாயுள்ள வடிகுழாயைச் சரளைக்குள் செலுத்தினால் கழிவு நீரோடு மேலேறிப்போகும், கற்கள் கீழே விழும். ஒரு முறைக்குத் தரையில் பாதி போதும். மறுபாதியை அடுத்த வாரம் செய்யலாம். சரளையை வெளியே எடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால், தொட்டியிலிருந்து வடித்த நீரிலேயே அதை அலசி உடனே திரும்ப இடுவது வழக்கம்.