ஒன்பது ரொட்டி, எட்டு ரொட்டி: ஸ்பீனம்லாந்து பட்டியலும் ஏழையின் குணமும்

கையில் காசு கொடுத்தால் ஏழை சோம்பேறியாவான் என்ற நம்பிக்கையை இங்கிலாந்தின் 1834 ஏழையர் சட்டத் திருத்தம் அரசுக் கொள்கையாக்கியது. மால்தஸ் 1798-இல் போட்ட விதை, நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய ஏழையர் சட்ட ஆணைய அறிக்கையில் மரமானது. இந்த வரலாறு தெரிந்ததே. அந்த நம்பிக்கைக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு சோஷலிஸ்ட் என்பதுதான் விசித்திரம்.

கார்ல் பொலானி 1944-இல் வெளியிட்ட 'மாபெரும் மாற்றம்' நூலில், ரொட்டி விலைக்கேற்ப ஏழையின் வருமானக் குறையை நிரப்பிய ஸ்பீனம்லாந்து உதவிப்படிக்கு மையமான இடம் உண்டு. குறையும் கூலியை ஏழை வரி நிரப்பிவிடுவதால் முதலாளி கூலியைக் குறைத்தார். எப்படி உழைத்தாலும் கிடைப்பது ஒன்றே என்பதால் தொழிலாளி உழைப்பைக் குறைத்தார். நாளடைவில் சுயமரியாதை தேய்ந்து, கூலியைவிட உதவிப்படியே மேல் என்ற நிலைக்கு நாட்டுப்புறம் வந்தது. இதுவே அவர் வாதம். சந்தையை விமர்சிக்க வந்தவர், சந்தையை வரவேற்றவர்கள் எழுதிய அறிக்கையின் சாட்சியத்தைப் பெருமளவு அப்படியே ஏற்றுக்கொண்டார். 1834 திருத்தத்தின் கொடுமையை அவர் மறைக்கவில்லை, உண்மை. ஆனால் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் ஏழையின் குணம் கெட்டுப்போனது என்ற தீர்ப்பு அவர் கையிலும் மாறவில்லை. அதை 'ஸ்பீனம்லாந்து சட்டம்' என்றே அவர் அழைக்கிறார். நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றவே இல்லை.

இருந்தது மாஜிஸ்திரேட்டுகளின் தீர்மானம் அடங்கிய ஒற்றைத் தாள்; அதைச் சற்று நின்று பார்ப்போம். 1795 மே 6 அன்று பெர்க்‌ஷயரின் ஸ்பீனம்லாந்தில், பெலிக்கன் விடுதியில், சார்லஸ் டண்டாஸ் தலைமையில் மாஜிஸ்திரேட்டுகள் கூடினார்கள். எலிசபெத் காலச் சட்டப்படி கூலியை நிர்ணயிக்க அவர்களுக்கு வழி இருந்தது. அது உசிதமல்ல என்று ஒதுக்கிவிட்டு, விலைவாசிக்கு ஏற்பக் கூலியை உயர்த்துமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகே பட்டியல் வருகிறது. 8 பவுண்டு 11 அவுன்ஸ் எடையுள்ள காலன் ரொட்டி 1 ஷில்லிங் விற்றால் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங். மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ரொட்டி விலை 1 பென்னி ஏறினால் ஆணுக்கு 3 பென்ஸும் மற்றவர்களுக்கு 1 பென்னியும் கூடும். இந்தத் தொகை குடும்ப உழைப்பிலிருந்து வரலாம், போதாததை ஏழை வரி தரும். இன்றைய அகவிலைப்படியின் மூதாதை என்று இதைச் சொல்லத் தோன்றும். கணக்குப் போட்டால் அது பாதி உண்மைதான்.

கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று வைப்போம். ரொட்டி 1 ஷில்லிங் என்றால் குடும்பத்துக்கு 9 ஷில்லிங், அதாவது 9 ரொட்டி. விலை 1 ஷில்லிங் 4 பென்ஸ் ஆனால் 11 ஷில்லிங் 4 பென்ஸ். அதற்கு எட்டரை ரொட்டி. 2 ஷில்லிங் ஆனால் 16 ஷில்லிங், எட்டே ரொட்டி. தனி ஆணின் 3 ரொட்டி எந்த விலையிலும் குறையாது. மனைவியின், பிள்ளையின் பங்கு ஒன்றரையிலிருந்து ஒன்றேகால் ரொட்டிக்கு இறங்குகிறது. பிள்ளை பெறுவதற்கு வெகுமதி என்று மால்தஸ் வழிவந்தோர் தூற்றிய ஏற்பாடு, பஞ்சம் முற்ற முற்றப் பிள்ளையின் தட்டிலிருந்தே எடுத்தது. மாஜிஸ்திரேட்டுகள் இதை வேண்டுமென்றே செய்தார்களா, முழு எண்களின் வசதிக்காகச் செய்தார்களா என்று தாளிலிருந்து தீர்மானிக்க முடியாது. இவ்வளவு ஒட்டக் கத்தரித்த படி ஒரு தலைமுறையின் உழைப்புணர்வையே கரைத்தது என்று சொல்பவர், அதற்கு வேறு சான்று காட்டியாக வேண்டும்.

காட்டப்படும் சான்று, அதே ஆணையம் 1832-இல் பாரிஷ்களுக்கு அனுப்பிய கேள்விப் பட்டியல். உங்கள் பகுதித் தொழிலாளர் முன்பைவிட நல்ல உழைப்பாளிகளா, மோசமானவர்களா என்பது அதில் ஒரு கேள்வி. பதில் எழுதியவர்கள் பாதிரியார்கள், ஏழை வரியை நிர்வகித்தவர்கள், நிலக்கிழார்கள்: வரி கட்டுவோரும் கூலி கொடுப்போரும். தொழிலாளியிடம் அந்தக் கேள்வி போகவில்லை. 1963, 1964 கட்டுரைகளில் பொருளியலாளர் மார்க் பிளாக் அதே பதில்களை எண்ணிப் பார்த்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. உதவிச் செலவு உயர்ந்திருந்தவை தெற்கு, கிழக்குக் கோதுமை மாவட்டங்கள். அங்கே குளிர்காலத்தில் வேலை கிடையாது, கூலியும் தாழ்வு. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. பெண்களின் நூற்பு வருமானத்தை இயந்திரம் தின்றது. உதவி வறுமையின் பின்னால் வந்தது என்பது அவர் முடிவு. கூலியை உதவி சற்றும் அழுத்தவில்லை என்று அந்த எண்களைக் கொண்டு யாரும் நிறுவிவிட முடியாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குணம் பற்றிய நேர்ச்சான்று அரிது. இருப்பது விவசாயத் தொழிலாளர்களின் 1830 குளிர்காலத்துக் கேப்டன் ஸ்விங் கிளர்ச்சி. ஸ்பீனம்லாந்துக்கு மேற்கே சில மைலில் உள்ள கின்ட்பரியில் தொழிலாளர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, கூலி உயர்வு கேட்டார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் விண்டர்போர்ன் 1831 ஜனவரியில் ரெடிங்கில் தூக்கிலிடப்பட்டார். நாடு முழுவதும் தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். ஏறத்தாழ 500 பேர் கடல்கடத்தப்பட்டார்கள். சில ஊர்களில் கூட்டத்தார் உதவிப்படியையும் உயர்த்தச் சொன்னார்கள் என்பதால் இச்சான்று ஒரே திசையில் பேசவில்லை. இருந்தும், சுயமரியாதை தேய்ந்து கூலியை வெறுத்தவர்கள் கூலிக்காகத் தூக்குமேடை வரை போனது எப்படி? பொலானியின் சட்டகத்துக்குள் இதற்கு விடை இல்லை.

காலவரம்பும் சிக்கலே. ஒத்த ஏற்பாடுகள் 1795 மே மாதத்துக்கு முன்பே அண்டை மாவட்டங்களில் இருந்தன; பெர்க்‌ஷயரிலேயே பட்டியல் எங்கும் ஒரே சீராகப் பின்பற்றப்படவில்லை என்பதை வரலாற்றாசிரியர் மார்க் நியூமன் காட்டியிருக்கிறார். 1832 வாக்கில் பல பாரிஷ்களில் மிஞ்சியிருந்தது மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கான சிறு படி மட்டுமே. ரொட்டிப் பட்டியல் எப்போது கைவிடப்பட்டது என்பதற்கு ஒற்றை ஆண்டு சொல்வது கடினம். நெப்போலியப் போர் முடிந்து விலை சரிந்த ஆண்டுகளைச் சந்தேகிக்க இடமுண்டு. அப்படியானால் பொலானி சொல்லும் நாற்பது ஆண்டுகளில் பின்பாதி, பல ஊர்களில் பட்டியலே நடைமுறையில் இல்லாத காலம். அதை ஊர் ஊராக உறுதிசெய்ய அறிக்கை போதாது; பாரிஷ் கணக்கேடுகளுக்குத்தான் போகவேண்டும்.